தம்பி நின்ற இடம்

ஒரே உடம்பின் ரத்தத்தில் இரண்டு ஆன்டிபாடிகள் இருந்தன. கிருமி வந்தால் பிடித்து வைப்பதுதான் வேலை. உருவத்தில் துளி வித்தியாசம் கிடையாது. ஒன்று மற்றதை அண்ணன் என்றது, மற்றது இதைத் தம்பி என்றது.

ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் இருவரையும் தனித்தனிக் குழாயில் விட்டார்கள். தம்பியின் குழாயில் மட்டும், உடம்புத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கட்டுகளை அவிழ்த்துவிடும் நாற்றமடிக்கும் திரவம் ஒன்றைச் சேர்த்தார்கள். பிறகு ஒரு ஜெல்லிப் பலகையில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இறக்கி மின்சாரத்தைப் போட்டார்கள். ஜெல்லிக்குள் சிறியவர்கள் முந்துவார்கள், பெரியவர்கள் பின்தங்குவார்கள்; அவரவர் நின்ற இடத்தில் ஒரு கோடாகத் தெரிவார்கள்.

மின்சாரம் நின்றதும் அண்ணன் பக்கத்தில் பார்த்தான். தம்பியைக் காணோம்.

“டேய், எங்கடா போயிட்ட?”

“இங்க இருக்கோம்ணே, ரெண்டு பேரா” என்றது நடுவிலிருந்து ஒரு தடித்த கோடு.

“இங்கயும் ரெண்டு பேர் இருக்கோம்ணே” என்றது அடியிலிருந்து ஒரு மெல்லிய கோடு.

அண்ணனுக்குத் தலை சுற்றியது. “போன வாரம் அந்தச் சளிக் கிருமியைப் பிடிச்சது யாரு?” என்று கேட்டுப் பார்த்தான்.

“நாங்கதான்” என்றது தடித்த கோடு.

“நாங்க இல்லாம எப்படிப் பிடிச்சீங்க?” என்றது மெல்லிய கோடு.

“இதுல என் தம்பி யாருடா?”

“அது எங்களுக்கும் தெரியலண்ணே. நீ யாரு, அதைச் சொல்லு.”

அண்ணனுக்குக் கோபம் வந்தது. ‘நான் நான்தான், ஒரே ஆள்’ என்று சொல்ல வாயைத் திறந்தான்.

நான்கு குரல்கள் வந்தன.