ஆறாவது சான்றிதழ்

"அப்ப பொங்கலுக்கும் வரமாட்டே?"

வீடியோ காலில் அப்பா பஞ்சநதத்தின் நெற்றியும் ஒரு கண்ணும்தான் தெரிந்தன. போனை எப்போதும் அப்படித்தான் முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார்.

"பரீட்சை இருக்குப்பா. பொங்கலன்னிக்குத்தான்."

"பொங்கலன்னிக்கு எந்தப் பாவிடா பரீட்சை வைக்கிறான்?"

"நான்தாம்ப்பா அந்தத் தேதியை எடுத்தேன்" என்றான் அரவிந்தன். சொல்லியிருக்க வேண்டாம்.

"நீயேவா? நல்லாயிருக்குடா. முப்பத்திரண்டு வயசுல உனக்கு என்னடா பரீட்சை? நாங்க கண்ணை மூடினாலும் எழுதி முடிச்சிட்டுத்தான் வருவே போலிருக்கு."

"விடுங்க, புள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும்" என்று பின்னாலிருந்து அம்மா மங்களாம்பிகையின் குரல்.

"என்ன விடுறது? நான் என்ன காசா கேட்டேன்? பணமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வந்து கண்ணு முன்னாடி இருடான்னுதானே கேக்குறேன்." போன் அணைந்துவிட்டது.

பெற்ற பிள்ளையா இவன் என்று நமக்கே தோன்றும். ஆனால் அவன் பாடு அவனுக்கு.

சிங்கப்பூர் வந்து ஆறு வருஷம். ஒவ்வொரு ஜனவரியும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டுவான். 'இந்த வருஷம் மூன்று க்ளவுட் சான்றிதழ்' என்று எழுதியிருக்கும். வீட்டில் கூடத் தங்கியிருந்த மூன்று பேரும் அதைப் பார்த்துக் கேலி செய்வார்கள். டிசம்பரில் ஒன்றோ இரண்டோதான் தேறியிருக்கும்.

அப்பாவுக்கு அது என்ன படிப்பென்று கடைசிவரை விளங்கவில்லை. க்ளவுட் என்றால் மேகம் என்று யாரோ சொல்லிவிட, மகன் மேகத்தைப் பற்றிப் படிக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். ஒருநாள் பக்கத்து வயல் குணசேகரன் சித்தப்பா போனை வாங்கிப் பேசினார்.

"தம்பி, சம்பாவுக்கு நாத்து விடலாம்னு இருக்கேன். மழை எப்படி?"

"சித்தப்பா, அது கம்ப்யூட்டர் சமாச்சாரம். எங்கேயோ இருக்கிற பெரிய கம்ப்யூட்டரை வாடகைக்கு எடுத்து நம்ம வேலையை ஓட்டுறது."

"சரி தம்பி. மழை இருக்கா, இல்லையா?"

அரவிந்தன் போனில் வானிலையைப் பார்த்துச் சொன்னான். வேறென்ன செய்வது?

யாருக்கும் சொல்லாத சங்கதி ஒன்று அவனிடம் இருந்தது. கம்பெனியில் ஒரு விதி. ஒரு நாளாவது ஆறு சான்றிதழ் ஒரே சமயத்தில் செல்லுபடியாக இருந்தால், சொந்த ஊரிலிருந்தே நிரந்தரமாக வேலை பார்க்கலாம். அதே வேலை, அதே கம்பெனி. ஆனால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஆயுசு மூன்றே வருஷம். நாலாவது வருஷம் ஐந்து கையில் இருந்தபோது முதலாவது காலாவதியாகிவிட்டது. அன்று சமையல்கட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதான்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா நாளெண்ண ஆரம்பித்துவிடுவார். தவறிப்போனால் தாங்கமாட்டார்.

அவனுக்கு மட்டும் ஏக்கமில்லையா? வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று அம்மா போனில் காட்டினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அப்பா வரப்பில் நடப்பதைப் பார்த்தால் இங்கே பதினோராவது மாடியில் இவனுக்கு உள்ளங்கால் குறுகுறுக்கும். இடையில் இரண்டே தடவை ஊருக்குப் போனான், அதுவும் பத்துப் பத்து நாள். திரும்பும்போது அப்பா பஸ் ஸ்டாண்டில் துண்டை வாயில் வைத்துக்கொண்டு நின்றதை இவன் மறக்கவேயில்லை.

ஜனவரிக் கடைசியில் இன்னொன்று காலாவதி. அதற்குள் ஆறாவதை எழுதியாக வேண்டும், கிடைத்த தேதி பொங்கல் ஒன்றுதான். எழுதினான். தேறினான். கம்பெனியின் அனுமதிக் கடிதமும் வந்தது.

சித்திரை பிறந்து நாலாம் நாள், யாருக்கும் சொல்லாமல் திருச்சியில் இறங்கி, தஞ்சாவூர் வந்து, ஊருக்குக் கார் பிடித்தான்.

பஞ்சநதம் வாசலிலேயே கட்டிக்கொண்டு ஓவென்று அழுதார். தெருவே வேடிக்கை பார்த்தது. "என் ராஜா, என் ராஜா" என்று முகத்தைத் தடவிக்கொண்டேயிருந்தார். அம்மா ஆட்டுக்கறி வாங்க ஆள் அனுப்பினாள்.

சாப்பிட்டு முடித்ததும் அரவிந்தன் எல்லாவற்றையும் சொன்னான். தாள் ஒட்டியது, எழுதியது, காலாவதியானது, பொங்கலன்று பரீட்சைக்கு உட்கார்ந்தது, எல்லாம்.

"இனிமே நான் போகமாட்டேம்ப்பா. இங்கேருந்தேதான் வேலை."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"வேலையிலேருந்து அனுப்பிட்டாங்களா?" என்றார் பஞ்சநதம் மெதுவாக.

"இல்லப்பா. அதே வேலைதான். கடுதாசி காட்டுறேன் பாருங்க."

"அப்ப சிங்கப்பூரு?"

"அவ்வளவுதாம்ப்பா. முடிஞ்சுது. இனிமே உங்க கண்ணு முன்னாடிதான்."

பஞ்சநதம் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மகனுக்கு நெருக்கமாக உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிங்கப்பூர்க்காரன் அப்பன்னுதாண்டா ஊர்ல எனக்கு ஒரு மரியாதையே. நீ வந்து இறங்கினதை எல்லாரும் பாத்துட்டாங்க. கேட்டா எத்தனை நாள் லீவுன்னு சொல்லட்டும்?"