பேசியவர்கள்

நான்கு பெஞ்சுகளைச் சதுரமாகத் திருப்பிப் போட்டுக் குழுவாக உட்கார வைத்ததற்கு இவ்வளவு பலன் கிடைக்கும் என்று கணக்கு டீச்சரே எதிர்பார்க்கவில்லை. ஜன்னல் வெயில் விழும் இடத்தில், வகுப்பே 'மியூட்' என்று கூப்பிடும் அந்தப் பெண், ஒரு காகிதத்தை மூன்றாக மடித்துக் காட்டி, "லூசு, இதுதான்டா மூணுல ஒண்ணு. இன்னுமா புரியல?" என்று பக்கத்துப் பையனை அதட்டுகிறாள். பள்ளியில் சேர்ந்த மூன்று மாதத்தில் அவள் வாய் திறப்பது இதுதான் முதல் தடவை. டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி, சுத்தமான கரும்பலகையையே மறுபடி துடைக்கிறாள்.

"இது கிளாஸா, சந்தைக்கடையா?" வாசலில் தலைமையாசிரியை நிற்கிறார். "பெஞ்சை எல்லாம் நேராப் போடுங்க. லீடர், பேசினவங்க பேரை போர்டுல எழுது. சாயந்தரம் வரைக்கும் அழியக் கூடாது." பெஞ்சுகள் கிறீச்சிட்டு நகர்கின்றன. லீடர் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு, அடிக்கோடும் போட்டு, முதல் பெயராக மியூட்டின் பெயரை எழுதுகிறாள். பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரிக்கிறான். அந்தப் பெண் காகிதத்தை நகத்தளவுக்கு மடித்து உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறாள். உதடுகளும் மூடிக்கொள்கின்றன.

தலைமையாசிரியையின் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்கிறது. டீச்சருக்குக் காது மடல் கொதிக்கிறது. மூன்று மாதம்!

"அழிச்சிடட்டுமா டீச்சர்?" என்று லீடரே தயங்கிக் கேட்கிறாள்.

"வேண்டாம். அதுக்குக் கீழே என் பேரையும் எழுது. நான் இப்பதான் பேசப் போறேன்." கையிலிருக்கும் சாக்பீஸ் தூளை உதறிவிட்டு, அந்தச் செருப்புச் சத்தத்தின் பின்னாலேயே விடுவிடுவென்று நடக்கிறாள்.