மாமாவின் கண்ணுக்கு ஒரு முட்டை

கலியாண வீட்டுக்கு யாராவது கீரை கட்டிக்கொண்டு போவார்களா? றஸ்மி போனான்.

சட்டைப் பைக்குள் மாமாவின் கண் விற்றமின் குளிசை. கையில் டிபன் பெட்டி. அதற்குள் பொன்னாங்காணிக் கீரைச் சுண்டல்.

"குளிசை சாப்பாட்டோட குடுங்க. கீரைய சோத்தோட பிசைஞ்சி விடுங்க. முட்டை மட்டும் தவறக் கூடா மருமகன்," என்று மாமி சுஹறா கதவுக்குப் பின்னால் நின்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். "நம்மட கோழி அடை கிடக்கு, ஊட்டுல முட்டை இல்ல. கலியாணச் சஹன்ல அவருக்கு வார முட்டை அவர்ர வாய்க்குள்ளதான் போகணும். நீங்கதான் பொறுப்பு."

மாமா அபுல் ஹஸனுக்கு நடுப்பார்வை மங்கிவிட்டது. ஒருவரின் முகத்தைப் பார்த்தால், முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. வயசு போனால் சிலருக்குக் கண்ணின் பின்பக்கத்து மஞ்சள் புள்ளி தேயும் என்றார் கண் டொக்டர். போன பார்வை வராது, மிச்சத்தைக் காக்கப் பாருங்கள், கீரை, மீன், முட்டை மஞ்சக்கரு சாப்பிடுங்கள், சுருட்டை விடுங்கள் என்றார். சவூதியிலிருந்து வந்த விற்றமின் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உதவினாலும் உதவும்," என்றார்.

மாமிக்கு அது போதும். அன்றிலிருந்து அந்த வீட்டில் மாமாவின் வாய் மாமியின் வாய்.

றஸ்மி மருதமுனையிலிருந்து சாய்ந்தமருதுக்கு மாப்பிள்ளையாக வந்து இரண்டு மாசம்தான். மாமி அவனை நம்பிக் கொடுத்த முதல் வேலை இது. இதைக் கோட்டை விட்டால் அந்த வீட்டில் அவனுக்கு என்ன மரியாதை?

நெய்ச்சோறு சஹன் வந்தது, மேலே மாட்டிறைச்சியும் ஆளுக்கொரு முட்டையும். பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் குந்தினார்கள். மாமாவுக்கு இந்தப் பக்கம் றஸ்மி. அந்தப் பக்கம் மாமாவின் கூட்டாளி காலிதீன், கடல் தொழில்காரர். மற்ற மூன்று பேரும் வரிப்பத்தான்சேனையிலிருந்து வந்த வயல்காரர்கள்.

றஸ்மி டிபன் பெட்டியைத் திறந்தான்.

"என்ன தம்பி அது, பச்சையா?" என்றார் வயல்காரர் ஒருவர்.

"கீரை. மாமாட கண்ணுக்கு."

"மாட்டத் திங்கிறத்தப் பார்த்திரிக்கன். மாட்டோட சேர்த்து மாட்டுட தீனியையும் திங்கிறத்த இண்டைக்கித்தான் பார்க்கன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார், பந்தல் கம்பத்தைப் பார்த்தபடி.

அந்த நேரம் பார்த்து காலிதீனின் கை மாமாவின் பக்கத்துக்கு வந்தது. முட்டையைக் காணவில்லை. அது வாய்க்கும் போகவில்லை. மடியில் விரித்திருந்த லேஞ்சித் துணிக்குள் போய்விட்டது.

றஸ்மி அதைக் கண்டுவிட்டான். கண் தெரியாத மனுசனிடம் களவெடுக்கிறதா? அதுவும் கண்ணுக்கு மருந்தான முட்டையை?

"மாமா, உங்கட முட்டை எங்க?"

"திண்டிட்டன் போல."

"நீங்க தின்னல்ல."

"அப்ப அது எனக்கு எழுதினது இல்ல. பேசாம சாப்பிடுங்க மருமகன்."

றஸ்மி தன் முட்டையை எடுத்து மாமாவுக்கு முன்னால் வைத்தான். மாமா கம்பத்தைப் பார்த்துக்கொண்டே அதை விரலால் காலிதீன் பக்கம் தள்ளினார். பாவம், தெரியாமல் தள்ளுகிறார். காலிதீனின் கை மெல்ல நகர்ந்தது. றஸ்மி முறைத்த முறைப்பில் கை அப்படியே நின்றது.

"வாயத் திறங்க மாமா."

"எனக்கு வகுறு நிறைஞ்சிட்டு."

"மாமி கேப்பாங்க."

மாமி என்றதும் மாமாவின் வாய் தன்பாட்டில் திறந்தது. முழு முட்டையையும் உள்ளே திணித்தான் றஸ்மி. குளிசையையும் பின்னால் போட்டான். மாமா கன்னம் புடைக்க விக்கினார். வயல்காரர் அவசரமாகத் தண்ணீர் நீட்டினார்.

திரும்பி வரும்போது மாமா சைக்கிள் கரியரில். றஸ்மியால் அடக்க முடியவில்லை.

"மாமா, உங்கட முட்டைய எடுத்தது காலிதீன் காக்காதான். லேஞ்சில சுத்திக்கிட்டுப் போறாரு. உங்களுக்கு விளங்காது எண்ட தைரியம். நல்ல கூட்டாளி."

மாமா முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினார். பிறகு, "அந்த வேலியோரம் நிக்கிற கறுத்த ஆடு சபியா உம்மாடயா மருமகன்?" என்றார்.

றஸ்மி பிறேக் பிடித்தான். வேலியோரம் கறுத்த ஆடுதான் நின்றது.

"நடுவுலதான் பொட்டு. ஓரம் நல்லா விளங்கும். நேரே பார்த்தா காலிதீன்ட முகம் தெரியா. கம்பத்தப் பார்த்தா அவன்ட கை வடிவாத் தெரியும்."

"மறுகா ஏன் மாமா பேசாம இருந்தீங்க?"

"கடலுக்குப் போகத் தடை போட்டதில இருந்து அவன்ட தோணி கவுண்டு கிடக்கு. ரோசக்காரன். குடுத்தா வாங்கமாட்டான். எனக்குக் கண் தெரியா எண்டு நினைச்சாத்தான் எடுப்பான். போன கந்தூரிச் சாப்பாட்டிலயும் அப்பிடித்தான்."

றஸ்மிக்கு முகம் சுட்டது. "லேஞ்சில சுத்தினது அவருக்கு இல்லையா அப்ப?"

"அவன் எங்க திண்டான்? பேரப்புள்ளையளுக்கு."

றஸ்மி மெல்லப் பெடலை மிதித்தான்.

மாமா பெருமூச்சு விட்டார். "நீங்க என்ட வாய்க்குள்ள ஒண்டத் திணிச்சீங்க. லேஞ்சிக்குள்ள போறது ஒண்டுதான். அவன்ட ஊட்டுல பேரப்புள்ள ரெண்டு, மருமகன்."