தூண்டில் மாத்திரை

பிள்ளைகளை ஏரிக்குக் கூட்டிப்போய்க் கையில் தூண்டிலைக் கொடுத்தால் பொறுமை வரும் என்று கண்டுபிடித்தார்கள். கூட்டிப்போகப் பொறுமையில்லாத பெற்றோருக்காக அதையே மாத்திரையாகவும் ஆக்கிவிட்டார்கள். குமரகுருவுக்கு மட்டும் நியாயமான காரணம் இருந்தது: சனிக்கிழமைதோறும் ஆபீஸ்.

அவர் மனைவி செண்பகவல்லி எதையும் ஃப்ரிட்ஜில் வைப்பவள். மகள் மதிவதனியின் மாத்திரை அட்டையும் இட்லி மாவுக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் ஒரு மாதம் குளிர்ந்தது.

அதை விழுங்கிய பிறகு மதிவதனி பொறுமையாகத்தான் உட்கார்ந்தாள். ஆனால் பாடப்புத்தகத்தின் முன்னால் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில், அப்பாவுக்கு எதிரே.

"சனிக்கிழமை ஆபீஸ்ல என்னப்பா வேலை?"

ஒரே கேள்விதான். கேட்டுவிட்டுக் கண்ணிமைக்காமல் காத்திருந்தாள். ரசம் ஆறியது. அப்பளம் நமத்துப்போனது. மோர் ஊற்றும்போது குமரகுரு மாட்டிக்கொண்டார்.

"ஆபீஸ் இல்லம்மா. பாஸ்கரன் வீட்டு மொட்டைமாடில சீட்டாட்டம்."

செண்பகவல்லி உடனே மாத்திரைக் கம்பெனிக்குப் போன் செய்தாள். "பொறுமை வரும்னு குடுத்தா, பொண்ணு வீட்டுக்குள்ளயே தூண்டில் போடறா!"

"ஃப்ரிட்ஜுல வச்சீங்களா மேடம்? மருந்து அதேதான். குளிர்ல உள்ள இருக்கிற படிகம் வேற மாதிரி அடுக்கிக்கிச்சு. அடுக்கு மாறினா குணமும் மாறிடும். அதைத் தூக்கிப் போட்டுடுங்க, புதுசு அனுப்பறோம்."

"அனுப்புங்க. ஆனா இதைத் தூக்கிப் போட மாட்டேன்."

ஒரு மாத்திரையைத் தானே விழுங்கிவிட்டு, கணவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சீட்டாட யார் யாரெல்லாம் வருவாங்க?"

குமரகுரு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மதி, கிளம்பு. ஏரிக்குப் போகலாம்."