திறக்காத மூன்றாம் பாடம்

பிழைக்க வந்த ஊரில் முதல் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு செல்போனிலேயே குழந்தை வளர்ப்புப் பாடம் நடத்தும் நர்சுக்கு அன்று மூக்குக்கு மேல் கோபம்.

"ஒருத்தி எல்லாப் பாடத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கா. மூணாவது, தாய்ப்பால் பாடத்தை மட்டும் தொடவே இல்லை. பதினோரு தடவை மெசேஜ் அனுப்பியாச்சு!" என்று பக்கத்து சீட்டுக்காரியிடம் பொரிந்தாள்.

"தூக்கமில்லாம கிடக்கிறாளோ என்னவோ?"

"அதையும் கேட்டேனே. பிள்ளையை வீட்டுக்காரர்கிட்ட குடுத்துட்டுத் தூங்கும்மான்னேன். 'அவர்தான் மேடம் எந்நேரமும் தூக்கி வெச்சிருக்கார்'னு பதில் வந்துச்சு. அழகு போயிடும்னு பயம், வேறென்ன? நேர்லயே போய் நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

பன்னிரண்டாவது மெசேஜையும் பதினோரு மணிக்குத் தானாகப் போகும்படி வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

கதவைத் திறந்தவன் தோளில் குழந்தை. ஐந்தாம் பாடத்தில் சொன்னபடியே முதுகைத் தட்டி ஏப்பம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"உங்க சம்சாரத்தைக் கூப்பிடுங்க."

அவன் தலை குனிந்தான். "மன்னிச்சிடுங்க மேடம். பாடம் படிச்சதெல்லாம் நான்தான். 'அம்மா'ன்னு பதிவு பண்ணாதான் திறக்குது."

"அப்போ அவங்க?"

"பிரசவத்துலயே போயிட்டா. சொல்லிக் குடுக்க இங்க எங்களுக்கு யாருமில்லை."



அவன் சட்டைப்பையில் போன் சிணுங்கியது. குழந்தை விழித்துவிடப் போகிறதென்று அவசரமாக வெளியே எடுத்தான். திரையில் நர்சு எழுதிய வரிகள் ஒளிர்ந்தன:

"உங்க பிள்ளை உங்ககிட்ட கேக்கிறது தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்ணும் இல்லையேம்மா. இன்னிக்காவது மனசு வைங்க."