பழைய மில் களம்

ஜெயபாரதியின் புதுச் செருப்பில் ஒரு டம்ளர் மாம்பழ ஜூஸைக் கவிழ்த்தவன் நான்தான். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்கும்போது கையை ஆட்டிப் பேசியதில் வந்த வினை. அவள் செருப்பைக் கழுவப் போனாள்.

தஞ்சாவூரில் போன வருஷம் வரை பன்றி மேய்ந்த பழைய ரைஸ் மில் அது. இப்போது கஃபே, சீரியல் விளக்கு, செல்ஃபிக்கு வரிசை. நெல் காயவைத்த களத்தில் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தது. நாங்கள் வெறுங்காலோடு இறங்கினோம். பகலெல்லாம் மழை, ஆனாலும் சிமெண்ட் தரை சுட்டது.

"அடியில ஹீட்டர் போட்டிருப்பாங்க," என்றேன்.

"தஞ்சாவூர்லயா, பகலவன்?" என்று சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பிலேயே மேளம் கேட்டது.

நான் ஆடினேன். பக்கத்திலிருந்தவர்கள் பாதுகாப்பாகத் தள்ளி நின்றார்கள். அவள் ஆடவில்லை. பாதத்தைத் தூக்காமல் தரையில் இழுத்தபடி களத்தின் கோடி வரை நேராக நடந்தாள். திரும்பி, முந்தின தடத்தை ஒட்டியே வந்தாள். காயும் புழுங்கல் நெல்லைக் காலால் கிளறுகிற நடை. அவளோ ஏசி அறையில் வங்கி வேலை பார்ப்பவள். தரையில் ஒரு மணி நெல் கிடையாது.

"இதை எங்க கத்துக்கிட்டீங்க?"

"எதை?"

அவித்த நெல்லின் வாசனை வந்தது. நானும் காலை இழுத்தபடி பின்னால் போனேன்.

"பாரதி, சம்மதமா, இல்லையா? ஒரே வார்த்தை."

அவள் நின்று என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"சம்மதம், பகலவன், எப்பவோ சம்மதம். மறுபடி தூறப் போவுது, முதல்ல நெல்லை அள்ளுங்க."