பேனாவுக்கு வேலை வைக்காத பீம்

முதல் பீமில் விரிசல் விழுந்ததுமே அண்ணன் சிரித்துவிட்டான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பரிசோதனைக்கூடத்தில் கான்கிரீட் பீமை அழுத்தி உடைத்துப் பார்ப்பது என் பிழைப்பு. கட்டடம் கட்டிக் கொடுப்பது அவன் தொழில்; குடியிருக்கும் வீடும் அவன் கட்டியதுதான். நான் சொல்கிற கம்பியெல்லாம் தண்டச் செலவாம். அதில் கால்வாசி போதுமாம். படித்துப் படித்துச் சொன்னேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. சரி, கண்ணால் பார்த்துத் தொலையட்டும் என்று, என் கணக்கில் ஒன்று, அவன் கணக்கில் ஒன்று என இரண்டு பீம் வார்த்து அவனை வரவழைத்திருந்தேன்.

விரிசல் ஓடும் வழியெல்லாம் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் எடையை எழுதுவது எங்கள் வழக்கம். என் பீம் முனகியது, தொய்ந்தது, உடம்பெல்லாம் கோடு வாங்கிக்கொண்டது. விழ மட்டும் மாட்டேன் என்றது.

அடுத்து அவனுடையது. எடை ஏறியது. ஒரு கீறல் இல்லை.

"என்ன விரிசலம்மா, பேனாவுக்கு வேலையே இல்ல போலிருக்கே?"

என் பீமில் முதல் கோடு விழுந்த எடையையே இது இன்னும் தொடவில்லை என்பது அந்த மகானுக்குத் தெரியவில்லை. தடுப்பைத் தாண்டிப் போய்ப் பீமைத் தட்டிக்கொடுத்தான். இயந்திரத்தை நிறுத்தி, சட்டையைப் பிடித்துத் தரதரவென்று வெளியே இழுத்தேன். முறைத்தான்.

மறுபடி ஓட்டினேன். பேனா மூடியைக்கூடத் திறக்கவில்லை.

டமாரென்று ஒரே சத்தம். சொல்லாமல் கொள்ளாமல் பீம் நடுவில் இரண்டாக முறிந்தது. உள்ளே கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருந்தது. என் பீமில் முதல் கோடு விழுந்தது எந்த எடையிலோ, அதே எடையில் இதன் ஆயுளே முடிந்துவிட்டது.

போதுமான கம்பி இருந்தால் பீம் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி ஊரைக் கூட்டும், இல்லாவிட்டால் மூச்சே விடாது, இதைத்தானே இத்தனை நாளாகத் தொண்டை வற்றக் கத்துகிறேன் என்று ஆரம்பித்தேன்.

அவன் கேட்கவில்லை. முகத்தில் ஈயாடவில்லை. அண்ணிக்குப் போன் போட்டிருந்தான்.

"பசங்களக் கூட்டிக்கிட்டு வீட்ட விட்டு வெளிய வா. இப்பவே!"

அண்ணி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"ஆமா, ஒரு விரிசல்கூட இல்லதான்," என்று கத்தினான். "அதனாலதான் சொல்றேன், வாயேன்!"